சிவப்பு அம்பு ஒட்டிய கோப்பு

வேலூர் கிளினிக்கின் நடைக்கூடத்தில் என் பெயரைக் கூப்பிடும்போதெல்லாம் நாக்கு உலர்ந்துவிடும். உள்ளே போவேன், தலையாட்டுவேன், வந்துவிடுவேன். குழந்தைக்காக அங்கே என்னைப்போல் காத்திருப்பவர்களுக்கு இதை எழுதுகிறேன்.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் பதினாறு ஆண்டுகளாக நான் செக்கர். கீறல், பசைக்கறை, விலகிய தையல் என்று குறை தெரியும் இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவது வேலை. ஒரு ஜோடியையும் சும்மா தாண்டவிட்டதில்லை. நாற்பத்தொரு வயதில், என் உடம்பைத் தாண்டவிட்டேன்.

சோதனைக்குழாய் சிகிச்சையின் முதல் சுற்றில் கருமுட்டையை வளர்க்கும் ஊசி, தினமும் மாலை ஆறு மணிக்கு. மருந்து குளிரிலேயே இருக்க வேண்டும். ஓவர்டைம் நாட்களில் சாப்பாட்டுப் பையில் ஐஸோடு எடுத்துப்போனேன். கம்பெனி மருந்தறையில் ஃபிரிட்ஜ் இருந்தது. கேட்டால் நான் வேலை செய்யும் தையல் லைன் முழுக்கத் தெரிந்துவிடுமே. மூன்று நாள் ஐஸ் உருகி மருந்து வெதுவெதுத்தது. அதையே போட்டுக்கொண்டேன்.

ஸ்கேனில் ஃபாலிக்கிள் (முட்டை வளரும் நீர்ப்பை) இரண்டுதான். சுற்றைக் கைவிட்டார்கள்.

"ஊசியெல்லாம் சரியா போட்டீங்களா?" என்றார் டாக்டர்.

"போட்டேன் மேடம்."

அடுத்த சுற்றில் அளவைக் கூட்டுவதாக எழுதினார். அந்த எழுத்து என்னை உட்காரவிடவில்லை.

மறுமுறை கிளினிக் போகும் பஸ்ஸிலேயே என் சிகிச்சைக் கோப்பில், டாக்டரிடம் சொல்லாமலும் கேட்காமலும் விட்ட இடங்களில் சிவப்பு அம்புகளை ஒட்டினேன். கணவர் சேகர் எட்டிப்பார்த்தார். "இன்னாடி, ஃபைலையே ரிஜெக்ட் பண்றியா?"

நர்ஸ் நிர்மலா சிரித்தாள். "எத்தினி அம்புக்கா! மேடம் மேல விடப்போறியா?"

டாக்டர் முதல் அம்பில் விரல் வைத்தார். "இது என்ன?"

"இந்த மூணு ஊசியும் சூடாயிடுச்சு மேடம். அன்னிக்கு மறைச்சிட்டேன். இப்ப அளவு ஏத்துனா உடம்பு தாங்குமா?"

பேனாவைக் கீழே வைத்தார். "மருந்து கெட்டதை, உங்க உடம்பு ஒத்துழைக்கலன்னு நெனச்சிட்டேன். ஏத்தியிருந்தா சினைப்பை வீங்கிப்போயிருக்கலாம்." புதிய அளவை அடித்துவிட்டுப் பழையதையே எழுதினார். பிறகு, "இன்னும் நாலு அம்பு இருக்கே, சொல்லுங்க" என்றார்.

மறுநாள் கம்பெனி நர்ஸிடம் ஃபிரிட்ஜில் இடம் கேட்டேன். இரண்டே நாளில் லைன் முழுக்கத் தெரிந்தது. ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது தையல் மெஷின்களின் இரைச்சலைத் தாண்டி ஒரு குரல் வரும்: "அக்கா, ஊசி டைமு. போய்ட்டு வா, நான் பாத்துக்கறேன்."

அந்தச் சுற்றில் எடுத்தது ஒன்பது முட்டைகள். எண்ணிக்கையைச் சொன்னபோது, பதினாறு வருட வேலையில் காட்டாத பெருமையைச் சேகரிடம் காட்டினேன்.

கருப்பையில் கரு வைத்தாகிவிட்டது. ரத்தப் பரிசோதனை அடுத்த வாரம். மாலை ஊசி நின்றுவிட்டாலும், ஆறு மணி நெருங்கினால் என் பெயரை யாரோ கூப்பிட்டதுபோல் நிமிர்கிறேன்.

கிளினிக்கில் நிஜமாகவே கூப்பிட்டாலும் இப்போது நாக்கு உலர்வதில்லை. "இருக்கேன்" என்கிறேன்.