ரெட் டொட்டில் நான் திருப்பிய நாலு கிளிக்

ஈரப் பாயும் துவக்கு எண்ணெயும் கலந்த ஒரு மணம்... அந்த ஹோலுக்குள் கால் வைத்ததுமே மூக்கில் ஏறும்.

தென் லண்டனில், மிச்சம் என்ற இடத்தில் நான் குடியிருந்த காலம். ட்ராமில் நாலு தரிப்புத் தள்ளி ஒரு ரைபிள் கிளப். என்னோடு வேலை செய்த ஜெகனும் நானும் ஒன்றாகச் சேர்ந்தோம். அவன் வடக்கே எட்மண்டனிலிருந்து லண்டனையே குறுக்கறுத்து வருவான்.

அம்மாவுக்குத் தெரிந்த அன்று ஒரே கேள்விதான். "துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஓடிவந்தனாங்கள். நீ இஞ்ச காசு கட்டிச் சுடுறியோ?"

அடுத்த கிழமையும் நான் போனேன்தான்.

புதியவர்கள் இரண்டு பேருக்கு ஒரு கிளப் ரைபிள். மேலே குறிபார்க்க ரெட் டொட், அதாவது கண்ணாடிக்குள் தெரியும் சிவப்புப் புள்ளி. பற்றரி செத்தால் உதவட்டும் என்று மடித்து வைத்த இரும்புக் குறிகளும் உண்டு. குண்டு விழும் இடத்துக்கு இரண்டையும் சரிக்கட்ட வேண்டும். ஐந்து குண்டு சுடுவது, எங்கே கூடி விழுகிறது என்று பார்ப்பது, திருகாணியைக் கிளிக் கிளிக்கென்று திருப்புவது... இதற்குப் பெயர் சீரோ.

ஜெகன் பொறுமைசாலி. ஒரு பின்னேரம் முழுக்க இருந்து இரண்டையும் சரிக்கட்டினான்.

இரும்புக் குறியில் எனக்குப் பிரச்சினை இல்லை. ரெட் டொட்டில் சுட்டால் எல்லாம் இடப்பக்கம் போனது. அந்தப் புள்ளியே எனக்கு வியர்வையில் கலைந்த குங்குமம் மாதிரித்தான் தெரிந்தது. இவன் பிழையாகத் திருப்பிவிட்டான் என்று நினைத்தேன். ஆனால் நாங்கள் முகத்துக்கு நேரே சொல்கிற ஆட்களா? அவன் தேத்தண்ணி எடுக்கப் போன நேரம் நாலு கிளிக் திருப்பிவிட்டேன்.

"எப்பிடி, சரியா இருக்கோ?" என்றான் திரும்பி வந்து.

"ஓம் மச்சான், சோக்கா இருக்கு."

அடுத்த கிழமை அவன், தானாக விலகிவிட்டது என்று நினைத்துத் திரும்பச் சரிக்கட்டுவான். நான் திரும்பவும் நாலு கிளிக். இப்படியே மூன்று மாதம்...

பிறகு உறுப்பினராவதற்கான சோதனை. தொடங்கியபின் திருகாணியைத் தொடக்கூடாது என்பது அன்றைய ஒழுங்கு. ஜெகனின் ரயில் பிந்திவிட்டது. நான் என் நாலு கிளிக்கைத் திருப்பி, சுட்டு, பாஸ்.

அவன் ஓடிவந்து அதே ரைபிளில் சுட்டான். இரும்புக் குறியில் ஐந்தும் இலக்குத் தாளின் கறுப்பு வட்டத்துக்குள். ரெட் டொட்டில் ஐந்தும் வெளியே. இன்னும் பழகிவிட்டு வரச் சொன்னார்கள்.

"என்ர கையிலதான் பிழை. எனக்கு இது சரிவராது, விடு மச்சான்" என்றான்.

நான் ரைபிளைத் துடைத்து உறைக்குள் வைத்தேன். அதற்குப் பிறகு அவன் வரவும் இல்லை.

போன மாதம் வெம்பிளியில் கண் பரிசோதனை. கண்ணின் வளைவில் சின்னப் பிசகாம், வெளிச்சமெல்லாம் இழுபட்டுத்தான் தெரியுமாம். பிழை என் கண்ணில். ஜெகனுக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். வெட்கமாக இருந்தது.

"எனக்கு அண்டைக்கே தெரியும். இரும்பில அஞ்சும் உள்ளுக்க விழுந்ததெல்லே... நீயாச் சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

இப்போது எனக்குச் சொந்த ரைபிள், புதுக் கண்ணாடி. நினைத்த இடத்தில் குண்டு விழுகிறது. அப்போது பாதி வெளியேதான் போகும்... ஆனால் திரும்பி வரும்போது ட்ராமில் அதைச் சொல்லிச் சிரிக்கப் பக்கத்தில் ஒருத்தன் இருந்தான்.