மயிலிட்டிக்காரர் கொடுத்த படம்

1985இல் பாரிசுக்கு வந்த அம்புறோஸ், தான் யார் என்று இங்கே ஒருவரிடமும் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்துப் பாசையூர் உதைபந்தாட்ட அணிக்குப் பதினொரு வருடம் கோல் காத்தவர். அவர் விளையாடுகிறார் என்றால் அடுத்த ஊர்ச் சனமும் சைக்கிளில் வந்து மைதானத்தைச் சுற்றி நிற்கும். எதிரணி ரசிகர்களுக்கும் அவரைப் பிடிக்கும். பந்தைத் தடுத்துவிட்டு, அடித்தவனைப் பார்த்து அவர் ஒருநாளும் கேலியாகச் சிரித்ததில்லை.

லா சப்பலுக்குப் பக்கத்தில் ஓர் உணவகத்தில் அவருக்குக் கோப்பை கழுவும் வேலை. ஈர ஏப்ரனோடு நிற்கும்போது யாராவது அடையாளம் கண்டுவிடுவார்களோ என்ற கூச்சத்தில், தமிழர் கூடும் இடங்களுக்கே போகாமல் இருந்தார்.

அடுத்த வருடம் அகதி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. அவர் இன்னார், இன்ன ஊர் என்பதற்கு அத்தாட்சி கேட்டிருந்தார்கள். வீடு எரிந்தபோது பிறப்புப் பத்திரம், பதக்கங்கள் எல்லாம் சேர்ந்தே எரிந்துவிட்டன. கடிதத்தைத் தூக்கிக்கொண்டு ரூ பெர்தொனே தெருவில் ஒரு கஃபேக்குப் போனார். தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற புதுச்சேரிக்காரர் எமில், மாலை வேளைகளில் அங்கே உட்கார்ந்து எல்லோருக்கும் விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பார்.

"மிசியே அம்புறோஸ், ஏதாவது ஒரு பப்பியே, ஒரு பத்திரம் இல்லாம என்ன எழுதுறது?" என்றார் எமில். "பள்ளிக்கூட அட்டை, பழைய போட்டோ, எதுவுமே இல்லையா?"

"ஒண்டுமில்லை ஐயா. பாசையூரிலை கேட்டால் எல்லாருக்கும் தெரியும். இஞ்சை ஆரைக் கேக்கிறது?"

பக்கத்து மேசையில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தவர் எழுந்து வந்தார். பெயர் தவரத்தினம்; யாழ்ப்பாணத்து மயிலிட்டிக்காரர்; பாரிசுக்கு வெளியே லெ பிளாங்-மெனிலில் அறை.

"குறை நினைக்காதையுங்கோ அண்ணை. நீங்கள் கோல் கீப்பர் அம்புறோஸ் அல்லோ?"

அம்புறோஸ் தலையைக் குனிந்துகொண்டார். "ஓம்."

"எழுபத்தெட்டிலை உங்களுக்கும் எங்களுக்கும் பைனல். கடைசி நிமிசத்துப் பெனால்டி அடிச்சது என்ரை அண்ணன். நீங்கள் பிடிச்சிட்டியள்."

அம்புறோஸ் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார்; அதற்குள் தவரத்தினமே தொடர்ந்தார். "நிலத்திலை விழுந்து அழுதவனைத் தூக்கி, தோளிலை கை போட்டு மைதானம் முழுக்கக் கூட்டிக்கொண்டு நடந்தியள். அதுக்குப் பிறகு எங்கடை வீட்டிலை எல்லாரும் உங்கடை ஆக்கள்தான்."

மறுநாள் அவர் ஒரு பத்திரிகைத் துண்டோடு வந்தார். அம்புறோஸும் அந்த அண்ணனும் தோளோடு தோளாக நடக்கும் படம். கீழே பெயர், ஊர், தேதி. அண்ணன் முந்தைய வருடம் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. பாரிஸ் வந்து சேர மொஸ்கோ, கிழக்கு பெர்லின் என்று அலைந்த வழியெல்லாம் தவரத்தினம் அதைச் சட்டைக்குள் வைத்துக் காப்பாற்றியிருந்தார். அவரிடம் இருந்த அண்ணனின் படம் அது ஒன்றுதான்.

"இதை நான் எப்பிடி வாங்கிறது தம்பி?"

"கொண்டுபோங்கோ அண்ணை. அவன் இருந்தால் அவனே கொண்டுவந்து தந்திருப்பான்."

எமில் அதை இரண்டு தரம் படித்தார். "பேரு, ஊரு, முகம், தேதி நாலும் இருக்கு. இதுக்கு மேல என்ன வேணும்?" என்று அன்றைக்கே பிரெஞ்சில் மொழிபெயர்க்க உட்கார்ந்துவிட்டார். நகர மண்டபத்தில் சான்றுபெற்ற நகல் எடுத்து அனுப்பி, அசலைத் தவரத்தினத்தின் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

செய்தி பரவியது. உணவகத்தின் பின்கதவுக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். சவர்க்கார நுரை படிந்த கையையே பிடித்துக் குலுக்கினார்கள். ஒருவர் தன் மகனுக்கு அம்புறோஸ் என்று பெயர் வைத்ததாகச் சொன்னபோது அம்புறோஸ் அழுதே விட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் சென் தெனி மைதானத்துக்கு அவரை இழுத்துக்கொண்டு போனார்கள். முழங்கால் முன்போல மடங்கவில்லை. அவரைத் தாண்டிப் பந்து கோலுக்குள் போனாலும் கைதட்டினார்கள்.

பத்து மாதம் கழித்து அகதி அந்தஸ்து கிடைத்தது. எண்பத்தெட்டு ஓகஸ்டில், ஊரில் இருந்த மனைவி ஆலீஸ் வந்து இறங்கினார். விமான நிலையத்தில் பதினாலு பேர் நின்றதைப் பார்த்து, "இவ்வளவு பேரும் ஆருக்கு வந்தவை?" என்று கேட்டார்.

"உமக்குத்தான்" என்றார் அம்புறோஸ். ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அறிமுகப்படுத்திக்கொண்டே வந்தவர் தவரத்தினத்திடம் நின்றார். அவரது கையைப் பிடித்து ஆலீசின் கையில் வைத்தார்.

"இவர் என்ரை தம்பி" என்றார்.