கொட்டகை மணல்

நேற்று சேவூரில் வீடு கட்டக் கொட்டியிருந்த ஆற்றுமணலில் மழை விழுந்து எழுந்த வாசனையில், இப்போது கல்யாண மண்டபமாகிவிட்ட சினிமாக் கொட்டகை நினைவு வந்தது. சின்ன வயதில் தரை டிக்கெட்காரர்களான நாங்கள், முன்னால் இருப்பவர் தலை மறைக்காதபடி மணலைக் குவித்து அதன்மேல் உட்காருவோம். ஒருநாள் என் மேட்டில் வந்து உட்கார்ந்த காலனிப் பையன் சாலமோனை, பள்ளியில் என்னோடு படிப்பவன்தான், "அந்தாண்ட போடா, தீட்டு" என்றேன், வீட்டில் கேட்டதை அப்படியே. அவன் எழுந்து தள்ளிப்போனான்.

படத்தில், சாதி சொல்லி வேலைக்காரனைத் துரத்திய பண்ணையார், மன்னிப்புக் கேட்க அவனை ஊர் ஊராகத் தேடி அலைந்தார். எனக்கு அழுகை முட்டியது. எழுந்து சாலமோனிடம் போய், "தப்புதான்டா. வந்து குந்துடா" என்றேன்.

"அழுதுகினே கூப்புடற, பண்ணையாரு தோத்தாரு போ!" என்று சிரித்துக்கொண்டே வந்தான்.

இருவர் பாரத்தில் மேடு சரிந்து, பின்னாலிருந்தவர் மடியில் விழுந்தோம். "பேஜார் புடிச்ச பசங்களா!" என்று அவர் எங்கள் இருவரையும் சேர்த்தே திட்டினார்.