சீவெர்ட்டின் அறையில் நின்ற குழாய்

சீவெர்ட் குடியை விட்ட கதையை நாம்தாலன் பள்ளத்தாக்கில் யாரும் சொல்வதில்லை. அவன் குடித்த கதைகளைத்தான் சொல்வார்கள். ஆற்றில் மரம் மிதக்கவிடும் வேலையில் இருந்தபோது கட்டையோடு கட்டையாகப் பாலம்வரை மிதந்து போனது, பாதிரியார் வீட்டுக் குதிரையை அவிழ்த்துக்கொண்டு போய் அதனோடு பேசியபடியே பனியில் தூங்கியது, மனைவியை அடக்கம் செய்த அன்று குழிக்கரையில் கால் சறுக்கிச் சவப்பெட்டியின் மேலேயே விழுந்தது. அப்போது மகள் ராக்னா சின்னப் பெண். கூட்டத்தில் யாரோ இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டவள் அதன்பிறகு அப்பாவோடு பேசவில்லை. சித்தி வீட்டில் வளர்ந்து, அங்கேயே கல்யாணமும் செய்துகொண்டாள்.

மகள் சித்தி வீட்டுக்குப் போனபிறகுதான் அவன் நிறுத்தினான். மருந்து கிடையாது, சங்கம் கிடையாது. அண்ணன் எஸ்தன் வீட்டு மாடியறையில் ஒரு குளிர்காலம் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு நடுங்கினான். பனி உருகும்போது பாதி ஆளாக இறங்கி வந்தான். ஊர் அவனை ஒரு வார்த்தை பாராட்டவில்லை. குடிக்காதவன் அங்கே விருந்துக்கு ஆகாதவன், அவ்வளவுதான்.

எஸ்தன் பால் நிலையத்தில் எஃகுத் தொட்டிகளைப் பற்றவைக்கிறவன். கை நல்ல கை. ஆனால் அவன் வீட்டில் காய்ச்சிய சரக்கு மட்டும் நாறும். சனிக்கிழமை காப்பியில் சரக்கைக் கலந்து கார்ஸ்க் குடிக்க வருகிறவர்கள் கோப்பையின் அடியில் ஒரு செப்புக்காசைப் போடுவார்கள். காசு மறையும்வரை காப்பி, மறுபடி தெரியும்வரை சரக்கு. எஸ்தன் வீட்டில் காசு தெரிவதற்குள் கண் எரிந்து தண்ணீர் வந்துவிடும். பனி தள்ளும் வண்டி ஓட்டுகிற ஹால்டோர் ஊரறியக் கேட்டான்: “ஏம்பா எஸ்தன், உன் சரக்கைக் குடிச்சுட்டுப் போனா என் பொண்டாட்டி என்னைத் தொழுவத்துல படுக்கச் சொல்றா. மாடும் மூஞ்சியைத் திருப்பிக்குது!”

எஸ்தனுக்கு அது நெஞ்சில் தைத்தது. மாதக்கணக்கில் வரைந்தான், அழித்தான், மறுபடி வரைந்தான். கடைசியில் ஓர் ஆளைவிட உயரமாக எஃகுக் குழாய் ஒன்றைச் செய்தான். உள்ளே பாத்திரம் தேய்க்கும் எஃகுச் சுருளை அடைத்தான். கூட்டுறவுக் கடையில் இருந்த அத்தனை சுருளையும் வாங்கிவிட்டதால் ஊரில் அந்த மாதம் யார் வீட்டுச் சட்டியும் பளபளக்கவில்லை. கீழே மூடிய பாத்திரத்தில் கொதிக்கிற ஊறலின் ஆவி குழாயில் ஏறி, உச்சியைச் சுற்றி ஓடும் தண்ணீரால் குளிர்ந்து சொட்டாகும். பெரும்பங்கு சொட்டு திரும்பக் கீழே விழுந்து, ஏறிவருகிற ஆவியைக் கழுவும். எவ்வளவு திரும்ப விழுகிறதோ அவ்வளவு சுத்தம். உச்சியில் இருக்கிற சின்னத் திருகை ஒரு மயிரிழை திறந்தால் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே ஜாடியில் சொட்டும். அதில் வாசனை என்ற பேச்சே கிடையாது.

சமையலறைக் கூரை தாழ்வு. அதனால் கூரையைத் துளைத்துக் குழாயை மேலே விட்டான். மேலே இருந்தது சீவெர்ட்டின் அறை. குழாயின் தலையும் திருகும் ஜாடியும் அவன் கட்டிலை ஒட்டி வந்து நின்றன.

“தொழுவத்துல வெச்சா ஆகாதா அண்ணே?” என்று கேட்டான் சீவெர்ட்.

“தொழுவத்துல தண்ணி உறைஞ்சுபோகும்டா. உன் ரூமுக்கு என்ன, கதகதப்பா இருக்கும். திருகுக்கிட்ட ஒரு ஆள் உக்காந்து பாத்துக்கணும். குடிக்கிறவனை உக்கார வெச்சா எனக்கு என்ன மிஞ்சும்? நீதான் பாதிரியாரைவிடச் சுத்தமாச்சே!”

போக்கிடம் இல்லாதவன் என்ன சொல்வான்? உட்கார்ந்தான். ஒவ்வொரு சனிக்கிழமையும் திருகில் கையை வைத்துக்கொண்டு, ஜாடியில் விழும் சொட்டைப் பார்க்காமல் சன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான். அண்ணி குன்வோர் ஒருநாள் புருஷனிடம், “இது பாவம்ங்க” என்றாள். “அவனுக்கும் ஒரு வேலை வேணாமா?” என்றான் எஸ்தன். ஊர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது.

அந்த நவம்பரில் ராக்னா தொலைபேசியில் கூப்பிட்டாள். அவளுக்கு மகன் பிறந்திருந்தான்.

“நீங்க குடியை விட்டுட்டீங்கன்னு சித்தி சொன்னாங்க. ஞாயித்துக்கிழமை ஞானஸ்நானம். நீங்க வந்து ஞானத்தகப்பனா நிக்கணும். உங்க பேரைத்தான் வைக்கிறோம்.” பிறகு சொன்னாள்: “சனிக்கிழமை சாயங்காலம் நானே வந்து கூட்டிட்டுப் போறேன். ஆனா ஒரு சொட்டு தொட்டிருந்தாலும் வாசலோட திரும்பிடுவேன், அப்பா.”

சீவெர்ட் கோட்டைத் துலக்கினான், சப்பாத்துக்கு மெழுகு போட்டான். குழந்தையைத் தூக்கிப் பழக வேண்டும் என்று தலையணையைத் தூக்கிக்கொண்டு அறையில் நடந்ததைக் குன்வோர் கதவிடுக்கில் பார்த்தாள்.

அந்தச் சனிக்கிழமைதான் எஸ்தனின் அறுபதாவது பிறந்தநாள். வீட்டில் பழைய சரக்கு ஒரு துளிகூட இல்லை. குழாயிலிருந்து நேராகக் கோப்பைக்கு ஊற்றிக் காட்ட வேண்டும் என்பது அவன் ஆசை. விருந்துக்கு ஆள் வரவர அவன் கீழே வரவேற்புக்கு நின்றான். மேலே சீவெர்ட் திருகைப் பிடித்து உட்கார்ந்திருந்தான்.

முதல் சொட்டு ஜாடியில் விழுந்ததும் அவனுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இன்றைக்கு ஒரு நாள், இன்றைக்கு மட்டும், இந்த ஜாடி என் பக்கத்தில் நிறைய வேண்டாம் என்று நினைத்தான். ஜாடி காலியாக இருந்தால் யார் என்னைச் சொல்ல முடியும்? அந்தச் சொட்டைத் துணியால் துடைத்தான். திருகை இறுக மூடினான். எல்லாம் ஏறியது, எல்லாம் திரும்ப விழுந்தது. அவள் வந்து கூட்டிக்கொண்டு போனபிறகு அண்ணன் திறந்துகொள்ளட்டும் என்று அவன் கணக்கு.

அவளுக்கு முன்னால் அண்ணன் வந்தான். வழக்கமான நேரத்துக்குக் கீழே அடுப்பை அணைத்துவிட்டு, ஜாடியை எடுக்க மாடியேறி வந்தவன் அது காலியாக இருப்பதைப் பார்த்தான். முகத்தில் ஈயாடவில்லை.

“எங்கடா?”

“கீழதான் அண்ணே. திருகைத் திறக்கவே இல்ல. எல்லாம் பாத்திரத்துலதான் இருக்கு. மூடியைக் கழட்டிப் பாருங்க.”

அவனுக்குப் புரியாமலா இருக்கும்? குழாயை வரைந்தவனே அவன். ஆனால் மறுபடி காய்ச்ச அரைநாள் ஆகும். கீழே எல்லார் கோப்பையிலும் காசு போட்டுக் காப்பி ஊற்றியாகிவிட்டது. ஜனம் கரண்டியால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தது. அறுபது வயதில், கூப்பிட்டு உட்காரவைத்து வெறுங்காப்பி கொடுத்தவன் என்ற பேர் வரும். எஸ்தன் மாடிப்படியில் நின்று கத்தினான்:

“கேட்டீங்களா! எந்தம்பி மொத்தத்தையும் முடிச்சுட்டான்!”

வீடு அதிர்ந்தது. ஹால்டோர் ஓடிவந்து சீவெர்ட்டைத் தோளோடு அணைத்துக் கீழே இழுத்து வந்தான். தரைப்பலகைக் கோட்டின்மேல் நடக்கச் சொன்னார்கள். நேராக நடந்தான். “பாத்தியா, பழகின கால்!” என்று இன்னும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பின் நடுவில்தான் ராக்னா கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள்.

யாரும் அவளுக்குச் சொல்லவேண்டிய அவசியம் இருக்கவில்லை. நேராக அப்பாவிடம் போய் வாயருகில் மோந்து பார்த்தாள். ஒன்றுமில்லை. முகம் கொஞ்சம் இளகியது.

“மோந்து என்ன பிரயோஜனம் பொண்ணே?” என்றான் ஹால்டோர். “உங்க பெரியப்பா சரக்குல வாசனையே வராது. அதுக்குத்தானே இவ்வளவு பாடு!”

மாதக்கணக்கில் ஏங்கிய பாராட்டு அது. எஸ்தன், கடவுளே, அந்த நேரத்திலும் பல்லிளித்தான்.

“நிஜமா, பெரியப்பா?”

“நாள் பூரா அவன்தாம்மா மேல உக்காந்திருந்தான். ஜாடி காலி. வேற என்னத்தைச் சொல்ல?”

ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

“ராக்னா, அந்தப் பாத்திரத்தைத் திறக்கச் சொல்லும்மா,” என்றான் சீவெர்ட். “திறந்து காட்டச் சொல்லு.”

“அம்மாவைப் புதைச்ச அன்னைக்கும் குடிக்கலைன்னுதான் சொன்னீங்க, அப்பா.”

அவள் போய்விட்டாள். சீவெர்ட் வெறுங்காலோடு முற்றத்துப் பனியில் ஓடினான். காரின் கண்ணாடி வழியாக ஒரு வெள்ளைக் கம்பளிப் பொதியும் அதிலிருந்து நீட்டிய ஒரு குட்டிக் கையும் தெரிந்தன. வண்டி கிளம்பிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை கோயில் மணி அடித்து ஓய்ந்தபிறகு எஸ்தன் பாத்திரத்தின் மூடியைக் கழற்றினான். எல்லாம் இருந்தது. சாயங்காலம் தம்பியிடம் வந்து சொன்னான்.

“நீ சொன்னது சரிதாண்டா. அப்படியே இருக்கு.”

“ராக்னாகிட்ட சொன்னீங்களா?”

“ஞானஸ்நானந்தான் முடிஞ்சுபோச்சே. புருஷனோட அப்பா பேரை வெச்சுட்டாங்களாம். இனி சொல்லி என்ன ஆகப்போவுது? வந்த ஜனம் என்னைப் பொய்யன்னு சொல்லாதா?” அவன் சீவெர்ட்டின் முதுகைத் தட்டினான். “மேல போய் உக்காரு. அடுப்பைப் போட்டுட்டேன்.”

சீவெர்ட் போய் உட்கார்ந்தான். இந்தமுறை ஒழுங்காகத் திறந்தான், ஜாடி நிறைந்தது. அதற்குப்பிறகும் பல வருஷம் அந்தக் கட்டிலில் படுத்து, அந்தத் திருகைக் காத்து, ஒரு சொட்டுத் தொடாமல் செத்தான். ராக்னா ஒருமுறைகூட வரவில்லை.

அடக்கத்துக்கு வந்தாள். எஸ்தன் வீட்டில் எல்லாருக்கும் கார்ஸ்க் ஊற்றினார்கள். பிறந்தநாளன்று ஒரு ஜாடியை ஒரே ஆளாகக் குடித்துவிட்டுக் கோட்டின்மேல் நேராக நடந்தவனின் கதையை ஹால்டோர் சொன்னான். இப்போது ஊரில் அதுதான் முதல் கதை. ராக்னாவும் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எஸ்தன் அவள் கோப்பையில் காசு தெரியும்வரை ஊற்றிவிட்டு, “குடிம்மா, உங்க அப்பா காய்ச்சினதுதான்,” என்றான்.