அனுப்பாத விண்ணப்பம்

அப்போதிக்கரிப் படிப்பின் கடைசிப் பரீட்சையில் நான் தவறியபோது எனக்கு இருபத்து மூன்று வயது. முப்பதுகளின் நடுப்பகுதி அது. அப்போதிக்கரி என்றால் டாக்குத்தருக்கு ஒரு படி கீழே. பெரிய ஆஸ்பத்திரி இல்லாத ஊர்களில் அரசாங்க மருந்துச்சாலையை நடத்துகிறவர். எழுத்துப் பரீட்சையில் எல்லாம் தேறிவிட்டேன். வாய்ப்பரீட்சையில்தான் விழுந்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த மூன்று பேரில் ஒருவர் உலர்ந்த வேர்த்துண்டு ஒன்றை என் உள்ளங்கையில் வைத்து, இது என்ன, எதற்குக் கொடுப்பாய், எவ்வளவு கொடுப்பாய் என்று கேட்டார். பார்த்த உடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் வாய் காய்ந்து நாக்கு எழும்பவில்லை. அவர் நல்ல மனுஷன், இன்னொரு தரமும் கேட்டார். நான் அந்த வேரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆறு மாதத்துக்குப் பிறகு இன்னொரு தரம் எழுதலாம். பங்குனி நடுவுக்குள் விண்ணப்பம் கொழும்புக்குப் போய்ச் சேரவேண்டும். அதிலும் தவறினால் பிறகு இடமில்லை.

கொழும்பு ரயிலில் வந்து மட்டக்களப்பில் இறங்கினேன். தவறிவிட்டேன் என்று முன்னமே காகிதம் போட்டிருந்தேன். அப்படியிருந்தும் அப்பா வெளுத்த சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு ஸ்டேசனில் நின்றார். என் ட்ரங்குப் பெட்டியை வாங்கிக்கொண்டு, "எப்ப திரும்பப் போகோணும்?" என்று கேட்டார். முதல் கேள்வியே அதுதான்.

தேற்றாத்தீவில் அக்காவின் வீட்டில்தான் நானும் அப்பாவும் இருந்தோம். அம்மா நான் சின்னவனாக இருந்தபோதே போய்விட்டாள். வீடு அக்காவின் சீதனம். அப்பாவுக்கு இருந்தது வாவிக்கு அப்பால், வெல்லாவெளிப் பக்கத்து வட்டையில் ஒரு துண்டு வயல். என்னைப் படிப்பிக்க அவர் பட்ட பாட்டை அவரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. ஊரில் என்னை ஏற்கெனவே 'டாக்குத்தர் தம்பி' என்று கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள். நான் தவறியது தெரிந்த பிறகும் அந்தப் பெயரை யாரும் திருப்பி எடுக்கவில்லை.

கார்த்திகையும் மார்கழியும் மழை. நான் படுத்தே கிடந்தேன். காய்ச்சல், வருத்தம் ஒன்றும் இல்லை. காலையில் முகம் கழுவுவேன், புத்தகத்தை மடியில் வைப்பேன், ஒரு பக்கம் போகுமுன் கண் சொக்கும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு படுத்தால் விளக்கு வைக்கிற நேரம்தான் எழும்புவேன். அக்கா, "இரவு கண்முழிச்சுப் படிக்கிறவனுக்குத்தான் இப்பிடி நித்திரை வரும். நீ எப்பயடா கண்முழிச்ச?" என்று கேட்டாள். விண்ணப்பத்தாள் ட்ரங்குப் பெட்டியின் மூடிக்குள் செருகி இருந்தது. அதில் பெயர்கூட எழுதவில்லை. பயந்து எழுதாமல் இருக்கிறேன் என்று அக்கா நினைத்தாள். அத்தான் சோம்பல் என்று நினைத்தார். எனக்கே அது என்னவென்று தெரியவில்லை.

தை மாதம் ஒரு தபாலட்டை வந்தது. என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன் எழுதியிருந்தான். காத்தான்குடியான்; முஸ்லிம் புடவை வியாபாரியின் மகன். அவன் தேறிவிட்டான். வெல்லாவெளிப் பக்கத்து மருந்துச்சாலைக்கு அவனைப் போட்டிருந்தார்கள். மருந்து கலக்குகிறவன் காய்ச்சலில் விழுந்து ஊருக்குப் போய்விட்டான், சனம் நெருக்குது, ஒரு மாதம் வந்து கைகொடுப்பாயா என்று கேட்டிருந்தான். பரீட்சையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அதனால்தான் போனேன் என்று நினைக்கிறேன்.

தோணியில் வாவியைக் கடந்து, கரையிலிருந்து மாட்டுக் கரத்தையில் போனேன். மருந்துச்சாலை என்பது சுண்ணாம்பு பூசிய இரண்டு அறை, முன்னால் ஒரு தகரக் கொட்டகை. நான் போய் இறங்கியபோது கொட்டகை நிறையச் சனம். நிற்க இடமில்லாதவர்கள் புளிய மரத்தடியில் குந்தியிருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் வீட்டிலிருந்து கொண்டுவந்த போத்தல். எல்லாருக்கும் ஒரே வருத்தம். மழை விட்டதும் அந்தப் பக்கம் முழுதும் குளிர்காய்ச்சல் எழும்பிவிடும்.

நண்பன் கதிரையிலிருந்து எழும்பாமலே கையை நீட்டினான்.

"வந்திட்டியாடா மச்சான். எழுதக்குள்ளயே எனக்குத் தெரியும், நீ வருவாய் எண்டு. சட்டையக் கழட்டிப் போட்டுட்டு உள்ளுக்குப் போ. கொயினா மருந்து முடியப்போகுது."

அவ்வளவுதான் வரவேற்பு. உள்ளறையில் பெரிய சாடியில் கொயினாவைக் கரைத்து, போத்தல்களில் அளந்து ஊற்றி, வேளை காட்டும் கடதாசித் துண்டை வெட்டி ஒட்டி, யன்னலால் பெயர் சொல்லிக் கொடுப்பது என் வேலை. முதல் இரண்டு நாளும் நண்பன் இடையிடையே உள்ளே வந்து நான் அளந்ததைத் திரும்ப அளந்து பார்த்தான். அவன் பார்க்கத்தான் வேண்டும், அவன் பொறுப்பு. ஆனாலும் என் முகம் சுட்டது. கொழும்பில் அவனுக்கு அளவுகளைச் சொல்லிக்கொடுத்தது நான். மூன்றாம் நாள் அவன் வரவில்லை. நிம்மதியாக இருந்தது. சாடி, தண்ணீர், போத்தல், கடதாசி. அந்த வேலையில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

பத்து நாள் கழித்து அவனே விழுந்தான். மத்தியானம் பேசிக்கொண்டிருந்தவனுக்குப் பல் அடிக்கத் தொடங்கியது. கட்டிலில் போட்டு இரண்டு சாக்கும் ஒரு கம்பளியும் போர்த்தினேன். கட்டில் கிடுகிடுவென்று ஆடியது.

"டவுனுக்கு ஆளனுப்பு. பதில் ஆள் வருமட்டும் நீ கதிரையில இரி," என்றான்.

"நான் தவறினவன்டா."

"அந்தச் சனத்துக்கு நீ தவறினது தெரியுமா? உனக்கு மருந்து தெரியாதா? இரி எண்டா இரி."

டவுனுக்கு ஆள் போனது. பதில் ஆள் வர பதினொரு நாள் ஆனது. அந்தப் பதினொரு நாளும் நான் அந்தக் கதிரையில் இருந்தேன். நாக்கைப் பார்த்தேன், மண்ணீரலைத் தொட்டுப் பார்த்தேன், நண்பனின் பதிவுப் புத்தகத்தில் எழுதினேன். சனம் என்னை 'ஐயா' என்றது. நான் சொன்னதெல்லாம் செய்தது. கொழும்பில் எழும்பாத நாக்கு இங்கே நன்றாக எழும்பியது. நாலாம் நாள் வலிப்புக் கண்டு தூக்கி வந்த ஒரு பெண்பிள்ளைக்குக் கொயினா ஊசி போட்டேன். அது பிழைத்தது. தாய் என் காலில் விழ வந்தாள். நான் பின்னால் நகர்ந்து அலுமாரியில் இடித்துக்கொண்டேன். சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். நாளைக்கும் இப்படி ஒன்று வரும் என்ற நினைப்பு மட்டும்தான் இருந்தது.

ஆறாம் நாள் வயல்செய்கிற கமக்காரர் ஒருவர் தனியாக நடந்து வந்தார். நாற்பது வயதிருக்கும். கட்டுமஸ்தான ஆள். மூன்று நாளாகக் காய்ச்சல், தலையிடி என்றார். நாடி பார்த்தேன், கண் இமையை இழுத்துப் பார்த்தேன். அன்று அவரைப்போல நூறு பேர் கொட்டகையில் நின்றார்கள். போத்தலில் ஆறு வேளை மருந்து கொடுத்து, "வெயிலில திரியாதீங்க. முடிய வந்து காட்டுங்க," என்றேன். அவர் சிரித்தார். "வெள்ளாம விளைஞ்சு நிக்கி ஐயா, எங்க படுக்கிற?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

இரண்டு நாள் கழித்து ஒரு பெண் வரிசையில் நின்றாள். அவள் முறை வந்ததும் போத்தல் ஒன்றை மேசையில் வைத்தாள். என் கையால் ஒட்டிய கடதாசி. பாதி மருந்து அப்படியே இருந்தது.

"அவர் இண்டைக்கு வெள்ளாப்பில போயித்தார் ஐயா," என்றாள்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. எங்கே போனார் என்று கேட்டுவிட்டேன். அவள் போத்தலை என் பக்கம் தள்ளினாள்.

"மூணு வேள மருந்து மிச்சம் கிடக்கு. வீணாப் போடப்படாது. வேற ஆருக்கும் குடுங்க."

பிறகு முந்தானைக்குப் பின்னால் நின்ற மகளை முன்னால் இழுத்தாள். எட்டு வயதிருக்கும்.

"இவளுக்கும் ராத்திரி தொட்டு மேல் காயுது. இவளயும் ஒருக்காப் பாருங்க ஐயா."

அவள் என்னை ஏசியிருக்கலாம். மண்ணள்ளித் தூற்றியிருக்கலாம். பிணம் வீட்டில் கிடக்க, அதே மேசைக்கு, அதே ஆளிடம், மகளையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள். அந்தப் பிள்ளையின் மேல் கை வைத்தபோது என் கைதான் அதைவிடக் கொதித்தது போலிருந்தது. மருந்து கொடுத்தேன். நாளைக்கும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னேன். அடுத்த மூன்று நாளும் அந்தப் பிள்ளை வந்தது, சுகமாகிவிட்டது. ஆனால் அந்த மூன்று நாளும் அவர்கள் தலை கொட்டகையில் தெரியும்வரை நான் வேறு யாருடைய நாடியையும் எண்ணவில்லை, எண்ணியது போல் இருந்தேன்.

பன்னிரண்டாம் நாள் பதில் ஆள் வந்தார். நான் உள்ளறைக்குப் போய்ச் சாடிகளுக்கு நடுவே தரையில் படுத்துத் தூங்கினேன்.

நண்பனுக்குக் காய்ச்சல் விட்டு, கஞ்சி குடிக்கத் தொடங்கிய ஒரு காலையில் அந்தக் கமக்காரரின் கதையைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டான். நாடி என்ன, நாக்கு எப்படி இருந்தது என்று விசாரித்தான்.

"நானும் அதத்தான்டா குடுத்திருப்பன்," என்றான்.

"நீ தேறினவன்."

"தேறினவனும் அதத்தான் குடுப்பான். அவன்ட மவுத்து அவனுக்கு. நீ கொல்லல்ல." கஞ்சிக் கோப்பையைக் கீழே வைத்தான். "இத நினைச்சுக்கொண்டு எழுதாம விட்டிராத. உனக்கு எல்லாம் தெரியும். என்னட்ட லேசான கேள்வியக் கேட்டான், நான் தேறினன். அவ்வளவுதான் வித்தியாசம்."

எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னான். நான் அதைக் கேட்டு இன்னும் களைத்துப்போனேன். தேறிய பிறகும் இப்படித்தான் என்றால், அந்தப் பெண் வாழ்நாள் முழுக்க ஒவ்வொரு மழை முடிவிலும் வந்து என் முன்னால் போத்தலை வைப்பாள். நண்பனால் அதைத் தாங்க முடியும். பின்னேரம் பள்ளிவாசலுக்குப் போய் வந்து, சாப்பிட்டு, குறட்டை விட்டுத் தூங்குவான். நல்ல வைத்தியனுக்கு அந்தத் தூக்கம் வேண்டும். என் படிப்பில் அது இருக்கவில்லை.

மாசிக் கடைசியில் அப்பா வெள்ளாமை வெட்டுக்கு வட்டைக்கு வந்தார். நான் சோறு வாங்கிக்கொண்டு வரம்பால் நடந்து போனேன். வெட்டுக்காரர்களிடம் அவர் என்னைக் காட்டி, "மகன் வாற மாசம் கொழும்புக்குப் போறான், சோதினைக்கு," என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர்கள் சாப்பிடப் போனதும் நான் அவர் பக்கத்தில் இருந்தேன்.

"அப்பா, நான் திரும்ப எழுதல்ல."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"ரயில் வெளிக்கிடுறது பின்னேரம்தானே? பெட்டியக் கொண்டுவர கரத்த சொல்லோணும்."

"அப்பா. நான் எழுதப் போறல்ல."

"பயமா இரிக்கா?"

"பயமில்ல. களைப்பா இரிக்கி."

"களைப்பெண்டு ஆராவது சோதினைய விடுறதா? வெட்டு முடியட்டும், ரெண்டு நாள் வீட்ட வந்து படு. அக்காட்டச் சொல்லி நல்ல மீன் வாங்குவம்."

அவருக்குத் தெரிந்த களைப்பு, நாள் முழுக்கக் குனிந்து நெல்லறுத்தால் வருவது. படுத்து எழும்பினால் போய்விடும். வேறு களைப்பும் இருக்கிறது என்று அவருக்குச் சொல்ல எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை. நான் மூன்றாம் தரமும் சொன்னேன். அவர் கை கழுவிவிட்டு, சால்வையை உதறித் தலையில் கட்டிக்கொண்டு வயலுக்குள் இறங்கிவிட்டார். அன்று பின்னேரம் வரை என் பக்கம் பார்க்கவில்லை.

பங்குனி பிறந்தது. நண்பன் கதிரைக்குத் திரும்பினான், நான் சாடிகளுக்குத் திரும்பினேன். மருந்து கலக்குகிறவன் இனி வரமாட்டான் என்று செய்தி வந்திருந்தது. நண்பன் ஒவ்வொரு காலையும், "எழுதினியா?" என்று கேட்பான். ட்ரங்குப் பெட்டியை நான் தேற்றாத்தீவிலேயே விட்டுவிட்டு வந்தது அவனுக்குத் தெரியும். கடைசியில் அவனே டவுனிலிருந்து இன்னொரு விண்ணப்பத்தாள் எடுப்பித்து, என் பெயரை அழகாக எழுதி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் புள்ளடி போட்டு என் முன்னால் வைத்தான். அதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன். அன்று நல்ல சனம். பிறகு சட்டையைத் துவைக்கப் போட்டபோது எடுத்துப் பார்த்தேன். கடைசித் திகதி போய் இரண்டு நாள் ஆகியிருந்தது. தெரிந்தே விட்டேனா, மறந்து விட்டேனா என்று கேட்டால் இன்றைக்கும் என்னால் நேர்மையாகச் சொல்ல முடியாது. அன்றிரவு நன்றாகத் தூங்கினேன் என்பது மட்டும் உண்மை.

நண்பன் என்னோடு ஒரு கிழமை பேசவில்லை. பிறகு ஒருநாள் யன்னலால் எட்டிப் பார்த்து, "அப்ப மருந்து கலக்கிற வேலைக்கே உன்னப் பதிஞ்சு விடட்டா?" என்று கேட்டான். ஓம் என்றேன்.

அந்த வேலையில் இருபத்தெட்டு வருஷம் இருந்தேன். அவன் மூன்று வருஷத்தில் மாற்றலாகிப் போனான். அவனுக்குப் பின் ஒன்பது அப்போதிக்கரிமார் அந்தக் கதிரையில் இருந்தார்கள். அவர்களில் இரண்டு பேராவது என்னைவிடக் குறையத் தெரிந்தவர்கள். அவர்கள் எழுதும் அளவு பிழையென்று பட்டால் சீட்டைத் திருப்பி அனுப்புவேன். பேசாமல் திருத்தித் தருவார்கள். அப்படித் திருப்பி அனுப்பிய நாட்களில், நான் எழுதியிருக்க வேண்டுமோ என்று தோன்றும். கோழைத்தனம் என்று என்னை நானே ஏசிக்கொண்டதும் உண்டு. அது நாலைந்து நாள் இருக்கும், பிறகு மழைக்காலம் முடிந்து சனம் வரத் தொடங்கிவிடும்.

அப்பா அந்தப் பரீட்சையைப் பற்றி மறுபடி ஒருநாளும் கேட்கவில்லை. மகன் என்ன செய்கிறான் என்று யாராவது கேட்டால், "ஆஸ்பத்திரியில இரிக்கான்," என்பார். என்ன வேலை என்று சொல்லமாட்டார். அவர் கடைசியாகப் படுக்கையில் விழுந்தபோது, வந்த டாக்குத்தர் கொடுத்த மருந்தை வாங்கிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டி, "நீ ஒருக்கா அளந்து பாரு," என்றார். அளந்து பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.