கொடிக்குப் போடும் உறை

இரண்டு தரப்பும் துரோகி என்று சொல்கிற ஒருவன் யாருக்குத்தான் உண்மையாக இருந்தான்? வெளிநாட்டுத் தூதரின் கார் ஓட்டுநரைப் பற்றி அந்தத் தெரு ஏழு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி இது.

இரு நாடுகளும் முட்டிக்கொண்டதில் தூதர் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். ஓட்டுநர் மட்டும் தினமும் காலையில் தூதரின் பூட்டிய மாளிகைக்குப் போய், பேட்டரி இறங்காமலிருக்கக் காரைக் கால்மணி நேரம் ஓடவிட்டு அணைத்துவிட்டு வருவார். அதற்குப் பரிசாகத் தெருக்காரர்கள் கல்லெறிந்ததில் அவர் வீட்டு ஜன்னலில் ஒரு கண்ணாடிகூட மிஞ்சவில்லை. அவரை உத்தமர் என்று புகழ அவசரப்பட வேண்டாம். பிடிவாதக்காரர், பத்தொன்பது வருட வேலை போய்விடுமோ என்ற பயமும் இருந்தது.

தூதர் மறுபடி பொறுப்பேற்க வந்த அன்று, மைத்துனன் வாசலை மறித்தான்.

“என்ன அத்தான், எஜமான் வர்றாராமே! ஷூ துடைக்கத் துணி எடுத்துக்கிட்டீங்களா?”

“உன் மூஞ்சியைத் துடைச்சது போக மிச்சம் இருக்கு. தள்ளுடா.”

“இன்னைக்கு அந்தக் காரை எடுத்தீங்க, அக்காவைக் கூட்டிட்டுப் போயிடுவேன்.”

“அவ வந்தா கூட்டிட்டுப் போ.”

காரின் முன்பக்கத்தில் ஒரு சின்னக் கொடி உண்டு. தூதர் உள்ளே இருந்தால்தான் அது பறக்கலாம். அவர் இறங்கினால் உடனே தோல் உறையை மாட்டிவிட வேண்டும். ஓட்டுநர் இதில் ஒரு தடவைகூடத் தவறியதில்லை.

விமான நிலையத்தில் அவர் வைத்த வணக்கத்தைத் தூதர் கண்டுகொள்ளவே இல்லை. கார் நகர்ந்ததும், தூதரோடு வந்திருந்த செயலாளர் ஆரம்பித்தார்.

“நாங்க இல்லாதப்ப இதுல யாரை ஏத்தினே?”

“யாரையும் இல்லை சார்.”

“அப்ப எங்க ஃபைல்ல இருந்ததெல்லாம் உங்க ஊர் நியூஸ் பேப்பருக்குத் தானா நடந்து போச்சா? ஒரு மாசம் பார்ப்பேன். சின்னத் தப்பு நடந்தாலும் சாவியைக் கொடுத்துட்டு நடையைக் கட்டணும், புரியுதா?”

ஓட்டுநர் கண்ணாடியில் தூதரைப் பார்த்தார். தூதர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

அமைச்சக வாசலில் இருவரும் இறங்கினார்கள். காரை மாளிகையில் விடச் சொல்லிவிட்டுப் போனார்கள். ஓட்டுநர் உறையைக் கையில் எடுத்தார். கொஞ்ச நேரம் வைத்திருந்து, மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

பிறகு காலியான காரைத் தன் தெருவுக்குள் விட்டார், நடக்கிற வேகத்தில், கொடி பறக்க. மைத்துனன் கல்லைக்கூடத் தேடாமல் வாயைப் பிளந்து நின்றான். உடைந்த ஜன்னல் வழியாக மனைவி பார்த்தாள்.

மாளிகைக் காவலாளி பதறினான். “அண்ணே, உறை எங்கே? செயலாளர் பார்த்தா உங்களைத் தொலைச்சுக் கட்டிடுவாரு!”

ஓட்டுநர் அவன் கையில் சாவியை வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார். ஏன் என்று மனைவி கேட்டாள், மைத்துனன்கூடக் கேட்டான். அவர் ஜன்னலுக்குக் கண்ணாடி அளந்துகொண்டிருந்தார்.