ஆண்டவர் ஜீப்பில் போகட்டும் என்றேன்

போன மாதம் ஒரு ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தால், எங்கள் மாதா கோயில் வளவில் மேசை போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். பெரிய எஞ்சின் வாகனங்களுக்கு அரசாங்கம் கூடுதல் வரி போடக்கூடாது என்று ஒரு மனு. மேசைக்குப் பின்னால் எங்கள் திருவிழாக் கமிட்டித் தலைவர் இருந்தார். கொட்டாஞ்சேனையில் இரும்புக்கடை வைத்திருப்பவர். அவருக்குப் பின்னால் அவருடைய வெள்ளை ஜீப், மாமரத்து நிழல் முழுவதையும் எடுத்துக்கொண்டு நின்றது.

"வாங்கோ தம்பி, இதில ஒரு கையெழுத்து வையுங்கோ. ஓட்டோக்காரர் வைச்சாத்தான் இதுக்கு ஒரு மதிப்பு. நாங்க மட்டும் வைச்சா பணக்காரன் அழுறான் எண்டு சிரிப்பாங்கள்."

பேனையை என் கையில் தந்தார். உடனே என் நாக்கில் பெற்றோல் மணத்தது. இத்தனை வருடமாகியும் அவரைக் கண்டால் எனக்கு அப்படித்தான். ஏன் என்று எழுதிவிடுகிறேன். எழுதினாலாவது போகுமா என்று பார்க்கிறேன்.

பெற்றோல் இல்லாமல் நாடே நின்ற வருடம் அது. போனில் கியூ ஆர் கோட்டைக் காட்டினால் கிழமைக்கு இவ்வளவு என்று அளந்து கொடுத்தார்கள். ஓட்டோவுக்குக் கிடைத்தது கொஞ்சம். அதற்கும் பெற்றோல் செட் வரிசையில் ஒரு பகலும் இரவும் கிடக்க வேண்டும். அந்தக் கொஞ்சத்தில்தான் வீட்டுச் சாப்பாடு. அதிலும் ஒரு பங்கை நான் ஆண்டவருக்கென்று ஒதுக்கி வைத்திருந்தேன். மாதத்து முதல் வெள்ளி எங்கள் பங்குச் சுவாமி, கோயிலுக்கு வர முடியாத நோயாளிகளுக்கு நற்கருணை அப்பம் கொண்டுபோவார். அவரை ஏற்றிப் போவது என் வேலை. மூத்த மகள் காய்ச்சலில் கிடந்தபோது, பிழைக்க வேண்டும் என்று வைத்த நேர்த்தி அது. சுவாமி பின் சீற்றில், ஆண்டவர் இருக்கிற அந்தச் சின்னப் பெட்டியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு இருப்பார். நான் வாய் திறக்க மாட்டேன். ஹோர்ன்கூட அடிக்க மாட்டேன்.

ஒரு முதல் வெள்ளி நல்ல மழை. பக்கத்துத் திரை கிழிந்திருந்ததில் சுவாமி ஒரு பக்கம் தெப்பமாக நனைந்துவிட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆண்டவரை இப்படியா கொண்டுபோவது? கமிட்டித் தலைவரின் ஜீப் பெற்றோல் இல்லாமல் சும்மாதான் நின்றது. "பெற்றோல் மட்டும் இருந்தா நானே கொண்டுபோய் விடுவன்" என்று அவரும் எல்லோருக்கும் கேட்கச் சொல்லியிருந்தார். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகத்தான் போய்ச் சொன்னேன், அடுத்த முறை என் பெற்றோலை எடுங்கள், ஆண்டவர் ஜீப்பில் போகட்டும் என்று.

சுவாமி சிரித்தார். "மகன், அவர் கழுதையில போனவர். உங்கட ஓட்டோ அவருக்குப் பெரிய வசதி."

நான் கேட்கவில்லை. பக்திதான். ஆனால் அந்தப் பக்திக்குள் ஒரு சின்னப் பெருமையும் இருந்தது என்பதை ஒளிக்க மாட்டேன்.

அடுத்த முதல் வெள்ளி விடிய, என் டாங்கியில் ஹோஸ் பைப்பை விட்டு வாயால் உறிஞ்சினேன். தலைவர் ஜீப்பில் சாய்ந்து நின்று பகிடி விட்டார். "நல்லா உறிஞ்சுங்கோ தம்பி. இது யானை. உங்கட ஒரு கிழமைப் பெற்றோல் இதுக்கு ஒரு மிடறு."

எல்லோரும் சிரித்தோம். ஒரு வாய் பெற்றோல் என் தொண்டை வரை போனது. பூசைக்கு முதல் நான் ஒன்றும் வாயில் வைக்காதவன். கொப்பளித்துத் துப்பிவிட்டு, எரிகிற நாக்கில்தான் அன்றைக்கு நற்கருணை வாங்கினேன்.

அந்தச் சுற்றில் களனி ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஹெந்தளையும் இருந்தது. அங்கே என் அக்கா படுக்கையில் கிடந்தாள். சிறுநீரகம் இரண்டும் பழுது. அங்கத்தைய சுவாமி நல்லவர், ஆனால் அவருக்குச் சிங்களம்தான் வரும். "என்ர அரைகுறைச் சிங்களத்தில பாவசங்கீர்த்தனம் சொன்னா, செய்யாத பாவத்தையும் சொல்லிப் போடுவன்டா" என்று அக்கா சிரிப்பாள். பிறகு சிரிக்காமல் சொல்லுவாள்: "நான் போறதுக்கு முதல் உங்கட சுவாமியைக் கூட்டி வா. தமிழில பாவத்தைச் சொல்லி, கடைசி எண்ணெய் பூசிக்கொண்டு போகவேணும். வேற ஒண்டும் கேக்கேல்லை." உண்மையில் அவள் என்னிடம் அதற்கு முன் ஒன்றும் கேட்டதே இல்லை.

ஜீப் பக்கத்துத் தெருக்களில் இரண்டு வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்தது. சுவாமி நோயாளிகளோடு உள்ளே இருந்த நேரமெல்லாம் வெளியே எஞ்சினை நிற்பாட்டாமல் ஏசி போட்டு வைத்திருந்தாராம் தலைவர்.

"பெற்றோல் இறங்கிப் போச்சு தம்பி. ஹெந்தளைக்கு அடுத்த முறை பாப்பம்."

என் டாங்கி காய்ந்து கிடந்தது. அதே பெற்றோலில் நான் ஹெந்தளைக்கு எத்தனை தரம் போய் வந்திருப்பேன் என்று அப்போது நினைத்தேன்.

அடுத்த நாள் பின்னேரம் அக்காவின் மகள், என் மருமகள், அழுதுகொண்டு போன் எடுத்தாள். "மாமா, அம்மாவுக்கு மூச்சு இழுக்குது. சுவாமியைக் கேக்கிறா. கெதியா வாங்கோ."

ரோட்டில் ஒரு வாகனம் இல்லை. தலைவரின் வீட்டுக்குப் போன் எடுத்தேன். மனைவி எடுத்தார். "அவர் பிள்ளையளோட நீர்கொழும்புக்குப் போட்டார் தம்பி. பாவம், பிள்ளையள் வீட்டுக்குள்ளேயே இருந்து அலுத்துப் போச்சுகள். கொஞ்சம் கடல் காத்து வாங்கட்டும் எண்டு."

நீர்கொழும்பு ரோட்டில் போகிறவர் ஹெந்தளைச் சந்தியைத் தாண்டித்தான் போக வேண்டும். பெற்றோல் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

சுவாமி தன் அங்கியைச் சுருட்டி இடுப்பில் செருகினார். கோயில் காவல்காரரின் சைக்கிளை எடுத்தோம். சுவாமி பாரில், நான் மிதிக்க, களனிப் பாலத்தில் ஏற முடியாமல் இறங்கித் தள்ளிக்கொண்டு போனோம். வழியெல்லாம் சுவாமி சத்தமாகச் செபமாலை சொன்னார். நான் பதில் சொல்ல மூச்சில்லாமல் மிதித்தேன்.

வாசலில் மருமகள் நின்றாள். அவளுடைய முகத்தைப் பார்த்ததும் சைக்கிள் தானாக நின்றது.

"இப்பத்தான் மாமா. கதவைக் கதவைப் பாத்துக்கொண்டு கிடந்தவ."

சுவாமி பக்கத்தில் முழங்காலில் இருந்து செபித்தார். ஆண்டவருக்கு எல்லாம் தெரியும், அவருக்கு எண்ணெய் தேவையில்லை என்று எனக்குச் சொன்னார். அது எனக்கும் தெரியும். ஆனால் அக்காவுக்குத் தேவையாக இருந்ததே.

செத்தவீட்டுக்குத் தலைவர் வந்தார். ஜீப்பின் கூரையில் பெரிய மலர்வளையம் ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்தார். என் தோளில் கை போட்டு, "சொல்லியிருந்தா விட்டிருப்பனே தம்பி" என்றார்.

இப்போது அந்த மேசையில் எனக்குப் பேனை தந்ததும் அதே கை.

"ரோட்டு எல்லாருக்கும் ஒண்டுதானே தம்பி? பிறகு ஏன் நாங்க மட்டும் கூடக் கட்ட வேணும்? உழைச்சு வாங்கின வாகனம்."

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். வரிச் சட்டம் எனக்கு விளங்காது. கட்டுகிற வரி எங்கள் தெருவுக்கு வந்து சேரும் என்ற நம்பிக்கையும் எனக்கில்லை. பத்துப் பேர் குடும்பத்தை ஏற்றுகிற பழைய வான்காரனையும் இதில் சேர்த்து அடிக்கக் கூடாது. ஆனால் ஒன்று மட்டும் தெரியும். இந்த நாட்டுக்குள் வருகிற எண்ணெய் எல்லோருக்குமாகத்தான் கப்பலில் வருகிறது. ஒருவன் நிழலில் நின்று ஏசி போடுவதற்கு அதில் பத்துப் பேருடைய பங்கைக் குடித்தால், அவன் கூடக் கட்டத்தான் வேண்டும். இல்லையென்றால் அதை வேறு யாரோ கட்டுகிறார்கள். என் அக்கா கட்டினாள்.

பேனையை மேசையில் வைத்தேன்.

"கட்டுங்கோ அண்ணே."

"என்ன தம்பி?"

"கூடக் கட்டுங்கோ எண்டுறன். யானை எண்டு நீங்கதானே சொன்னனீங்க."

அவருக்கு ஞாபகமே வரவில்லை. ஓட்டோக்காரனுக்குப் பொறாமை என்று பக்கத்தில் நின்றவரிடம் சொல்லிச் சிரித்தார். எனக்குப் பின்னால் நின்றவர் பேனையை எடுத்துக் கையெழுத்து வைத்தார்.

அந்தச் சனிக்கிழமையே பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னேன். அதே சுவாமி இப்போது இல்லை, புதியவர். வரி கட்டட்டும் என்று நினைப்பது பாவமில்லை என்றார். தலைவர் கட்டும்போது அழ வேண்டும் என்று நினைக்கிறேனா என்று கேட்டார்.

"ஓம் சுவாமி" என்றேன்.

தலைவருக்காகத் தினமும் ஒரு பரலோக மந்திரம் சொல்லச் சொன்னார். சொல்கிறேன். அந்தச் செபத்தில் பிறர் குற்றத்தைப் பொறுக்கிற இடம் வந்ததும் நாக்கு எரிகிறது. அதில் நின்றுவிட்டு, திரும்பவும் முதலிலிருந்து தொடங்குகிறேன்.